பத்து வயது பி.எம்.டபிள்யூவில் தினமும் ஆபீஸ்

2012-இல் இந்தியாவுக்கு வந்தபோது, எஃப்30 என்று கார் பித்தர்கள் அழைக்கும் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் டீசல் மாடலான 320டி, ஏறக்குறைய 29 லட்சம் ரூபாயில் தொடங்கியது. மேல் ரகங்கள் முப்பத்தைந்தைத் தாண்டின. இன்று அதே வண்டி, பத்துப் பன்னிரண்டு வயதில், ஒரு புதிய ஹாட்ச்பேக்கின் விலைக்குச் சற்று முன்னே பின்னே கிடைக்கிறது. ஹாட்ச்பேக்குக்காகக் கடன் விசாரித்துக்கொண்டிருப்பவர் அந்த வண்டியின் விற்பனை விளம்பரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அன்று இரவு தூக்கம் போய்விடும்.

அந்த ஆசையில் தவறே இல்லை. 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எட்டு விநாடிக்கும் குறைவு. இழுப்பது பின்சக்கரங்கள். எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருப்பதால் ஸ்டியரிங் கையில் லேசாகவும் நேர்மையாகவும் இருக்கும். ஏற்காடு மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டியவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. போதாததற்கு, இது நம் பக்கத்து வண்டி. செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் தொழிற்சாலையில்தான் இந்தியாவுக்கான 3 சீரிஸ் கார்கள் பூட்டப்படுகின்றன.

ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டும். அதன் ஹெட்லைட்டும் டர்போவும் ஷாக் அப்சார்பரும் முப்பது, நாற்பது லட்ச ரூபாய் வண்டிக்குரிய விலையிலேயே இருக்கின்றன. கையில் பத்து லட்சம் இருந்தால் பத்து லட்சத்துக்கு வண்டி பார்ப்பது ஆபத்து. எட்டு லட்சத்துக்குள் பார்த்துவிட்டு, மீதியை முதல் வருடப் பராமரிப்புக்கென்று தனியாக வைப்பதே சரி. அப்படி வைக்க முடியாதவர், வீட்டில் வேறு வண்டியும் இல்லாதவர், இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. பாகம் வரும்வரை ஒரு வாரம் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்பது இந்த வயது வண்டிகளுக்குச் சாதாரணம்.

“டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு.” பழைய கார் வாங்கப் போகும் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்புவதில்லை. நம் ஊரில் மீட்டரில் உள்ள எண்ணுக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. சாதாரணச் சின்னக் காருக்கு அது ஓரளவு பொருந்தலாம். பழைய டர்போ செடானுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ்.

பத்து வருடத்தில் நாற்பதாயிரம் என்றால் வருடத்துக்கு நாலாயிரம். கிளினிக்குக்கும் வீட்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் முழுச் சூடு ஏறுமுன்பே அணைக்கப்பட்ட வண்டி அது. ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகியிருக்காது. டீசல் புகையின் கரி, அந்தப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும் இன்டேக் குழாயிலும் அப்பியிருக்கும். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்காது. ரப்பர் புஷ்களும் கேஸ்கெட்டுகளும் ஓடாவிட்டாலும் வயதில் காய்ந்து வெடிக்கும். “ஓடவே இல்லையே” என்று வருடாந்தர ஆயில் மாற்றத்தையும் தள்ளிப்போட்டிருப்பார்கள். இதற்குப் பக்கத்திலேயே, சென்னைக்கும் கோயம்புத்தூருக்குமாக நெடுஞ்சாலையில் ஓடி 1,10,000 கிலோமீட்டர் காட்டும், ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதிவாரியாகக் கோப்பில் இருக்கும் இன்னொரு 320டி நின்றால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதன் பக்கம் போகலாம்.

மீட்டரையே திருப்பிவிடும் வேலையும் நடக்கிறது. பி.எம்.டபிள்யூவில் அதைப் பிடிக்க வழி உண்டு. ஓடிய தூரம் டாஷ்போர்டு மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. வண்டியின் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும், ஏன், சாவியிலும்கூடப் பதிவாகிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சாவியைக் கருவியில் வைத்தால் சேசிஸ் எண், ஓடிய தூரம், அடுத்து எந்தச் சர்வீஸ் என்பதெல்லாம் திரையில் வரும். இரண்டாவது சாவி எங்கே என்று கட்டாயம் கேட்க வேண்டும். “தொலைஞ்சுபோச்சு” என்று பதில் வந்தால், விலையைக் குறைத்துப் பேச அது ஒரு காரணம். சந்தேகப்படவும் ஒரு காரணம்.

வண்டியை முதல்முறை பார்க்கப் போகும்போது, தான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் அன்றைக்குச் சோதனை வேண்டாம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். பழைய 320டியின் என்47 இன்ஜினில் முக்கியமான நோயை அந்தக் குளிர்ந்த முதல் நிமிடத்தில்தான் காதால் கேட்க முடியும்.

அந்த நோய் டைமிங் செயின். பெரும்பாலான கார்களில் செயினோ பெல்ட்டோ இன்ஜினின் முன்பக்கம் இருக்கும், கழற்றுவது எளிது. என்47-இல் அது பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளும் தேயும்போது, விண்ட்ஷீல்டுக்குக் கீழே இருந்து உலோகத்தை உலோகம் உரசும் சத்தம் வரும். ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி 1,500, 2,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் அது தெளிவாகும். செயின் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும், இன்ஜினே போய்விடும். அறுவதற்கு முன் மாற்றுவதென்றாலும் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். 2007 முதல் 2011 வரை வந்த இன்ஜின்களில் இந்தத் தொல்லை அதிகம். பிறகு குறைந்தது, அடியோடு நீங்கவில்லை. 2016-இல் இந்தியாவுக்கு வந்த புதுப்பித்த 320டியில் 190 குதிரைத்திறன் கொண்ட பி47 இன்ஜின். பணம் எட்டுமானால் அந்த வருடத்துக்குப் பிறகான வண்டியைத் தேடுவது நல்லது.

பெட்ரோல் பக்கம் போனால் வேறு நோய்கள். 328ஐ-யின் என்20 இன்ஜினில் செயின் வழிகாட்டிகள் நொறுங்கிய புகார்கள் அமெரிக்காவில் வழக்குவரை போயின. எஃப்30-க்கு முந்தைய இ90 தலைமுறையின் ஆறு சிலிண்டர் 325ஐ கேட்பதற்கே இனிமையான இன்ஜின். ஆனால் அதன் வாட்டர் பம்ப் மின்மோட்டாரில் ஓடுவது. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது பெரிதாக எச்சரிக்காமலே நின்றுவிடக்கூடியது. சித்திரை வெயிலில், சிக்னலில், அது நிற்பதை எண்ணிப் பாருங்கள். பில் கோப்பில் அந்தப் பம்ப் மாற்றிய ரசீது இருந்தால் வண்டியின் மதிப்பு அங்கேயே கூடிவிடுகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் இருபது சதவீதத்தை எட்டிவிட்டதால், அதை எதிர்பார்த்துச் செய்யப்படாத இந்தப் பழைய கார்களின் எரிபொருள் ஹோஸ்களையும் சீல்களையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்வது அவசியம்.

பி.எம்.டபிள்யூ மட்டும்தான் வழி என்றில்லை. ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டி.எஸ்.ஐ. இன்னும் மலிவாகக் கிடைக்கிறது; பின் சீட்டில் கால் நீட்டி உட்காரலாம். ஆனால் அதிலுள்ள ஏழு வேக உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் உலகெங்கும் பெயர் கெட்டது. 2013-இல் சீனாவில் மட்டும் இதற்காக 3,84,181 கார்களை ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. மவுண்ட் ரோடு நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் சூடேறுவதுதான் அதற்கு ஆகாதது. 2017 ஆக்டேவியா ஆர்.எஸ்ஸில் இருப்பது எண்ணெயில் நனைந்து இயங்கும் ஆறு வேகப் பெட்டி, அது தாங்கும். தினசரி ஓட்டத்துக்கு ஸ்கோடாவில் தேர்வு என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும், விலை சற்று அதிகமானாலும்.

ஜப்பான் கார் பிரியர்களுக்கு 106 குதிரைத்திறன் கொண்ட முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி விடெக் இன்றும் கனவு. அந்தக் காலத்து ஹோண்டாக்களையும் பழைய 3 சீரிஸ்களையும் வாங்குவோர் மறக்கக்கூடாத ஒன்று, தகாடா நிறுவனத்தின் ஏர்பேக். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் வருடங்கள் போகப்போக அதன் இன்ஃபிளேட்டர் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உலகின் பல நாடுகளில் உயிர்களைக் குடித்தது. நம் கடற்கரை நகரங்களின் காற்று எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. சேசிஸ் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், அந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று சொல்லிவிடுவார்கள். மாற்றித் தருவது இலவசம். டீசல் பி.எம்.டபிள்யூவுக்கும் இதே கேள்வி உண்டு. இ.ஜி.ஆர். கூலர் கசிந்து தீப்பிடித்ததால் 2018-இல் தென் கொரியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பின்னர் அது உலக அளவில் பதினாறு லட்சமாக விரிந்தது.

சென்னையில் வாங்குவோருக்குத் தனியாக ஒரு பயம் உண்டு, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து வாங்கி, காயவைத்து, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், யாரும் கழுவாத அந்த அடிப்பகுதியில் சேற்றுக்கறை கோடாகத் தெரியும். சீட்டின் கீழுள்ள போல்ட்டுகளில் துரு, டிக்கியின் அடித்தளத்தில் பேட்டரியைச் சுற்றி வண்டல், ஏ.சி. போட்டதும் பூஞ்சை வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இந்தக் கார்களின் வயரிங்குக்குள் புகுந்த தண்ணீர் வருடக்கணக்கில் வெவ்வேறு வேஷத்தில் வெளிப்படும்.

நம்பர் பிளேட்டும் கதை சொல்லும். தமிழ்நாட்டில் ஓடும் சொகுசுக் கார்களில் கணிசமானவை வரிச் சலுகைக்காகப் புதுச்சேரியில் பதிவானவை. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியும் கட்ட வேண்டும். டெல்லியில் பத்து வயது டீசல் கார்களுக்கு எதிராக 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு அங்கிருந்து தெற்கே வரும் கார்கள் மலிவாகத் தெரியும். ஆட்சேபணையின்மைச் சான்று, வரி, போக்குவரத்து அலுவலகத்துக்கு அலையும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம்.

தினமும் ஓட்டும்போதுதான் தெரியும் சிரமங்கள் உண்டு. எஃப்30-இன் முன்பின் அச்சுகளுக்கு இடையே 2,810 மில்லிமீட்டர், தரையிலிருந்து அடிப்பகுதியின் உயரமோ குறைவு. தெருவுக்குத் தெரு ஆளுக்கு ஒரு அளவில் கட்டிய வேகத்தடைகளில் அடிவயிறு உரசாமல் சாய்த்து ஏற்றப் பழக வேண்டும். ரன்ஃபிளாட் டயர் பஞ்சரானாலும் எண்பது கிலோமீட்டர் தூரம் மெதுவாக ஓட்டலாம் என்பது வசதி. குழியில் விழுந்து பக்கச்சுவர் வீங்கினால் ஒரு டயரின் விலையே வயிற்றைக் கலக்கும். பலர் சாதாரண ட்யூப்லெஸ்ஸுக்கு மாறிவிடுகிறார்கள். அப்படி மாற்றியிருந்தால் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் அந்த டயரின் ரப்பர் வயதாகிவிட்டது.

காப்பீட்டில் வாங்குவோர் அடிபடுவது பாகங்களின் தேய்மானத்தில். விபத்துக்குப் பிறகு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் கிடைக்கும். பத்து வயதைத் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் அப்படியே. முன் பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்தாலே கைக்காசு எவ்வளவு போகும் என்பதை வாங்குமுன் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். மழைநீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசி தராது. அதற்குத் தனிச் சேர்க்கை வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெயிம் போனஸ் வாங்குபவருக்கு வராது. பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு கைவிட்டுப் போகும்.

செலவைக் குறைக்க நேர்மையான வழியும் இருக்கிறது. பி.எம்.டபிள்யூ பெட்டியில் வரும் பல பாகங்களைச் செய்வது வேறு நிறுவனங்கள். சஸ்பென்ஷன் ஆர்ம்களுக்கு லெம்ஃபோர்டர், ஃபில்டர்களுக்கு மான், மாலே, ஷாக் அப்சார்பருக்கு சாக்ஸ். அதே நிறுவனத்தின் பெட்டியில், பி.எம்.டபிள்யூ முத்திரை இல்லாமல் வாங்கினால் விலை நன்றாகக் குறையும். கதவு, கண்ணாடி, சீட் போன்றவற்றுக்குச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் மட்டும் அங்கே தேடக்கூடாது. ஜெர்மன் கார்களையே பார்க்கும் வெளி மெக்கானிக் ஒருவரை, வண்டி வாங்குவதற்கு முன்பே பிடித்துவைப்பது முக்கியம். பேரம் முடியுமுன் வண்டியை அவரிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில், பழைய பில் என்ன சொன்னாலும், இன்ஜின் ஆயிலும் எல்லா ஃபில்டர்களும் கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் மாறிவிட வேண்டும். பேட்டரி மாற்றினால் தெருமுனைக் கடையில் மாட்டிக்கொண்டு வந்தால் போதாது. புதுப் பேட்டரி மாட்டியதை ஸ்கேனர் மூலம் வண்டிக்குப் பதிவுசெய்ய வேண்டும். இல்லையேல் அது பழைய பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் ஏற்றி, புதியதன் ஆயுளைக் குறைக்கும். கியர் ஆயில் விஷயத்தில், ஆயுள் முழுக்கப் போதும் என்று சொல்வதை நம்பிப் பல பேர் தொடாமலே விட்டிருப்பார்கள். அந்த எட்டு வேகப் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக இருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்து ஆயில் அளவைச் சரிபார்க்கத் தெரிந்த கையில்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.