நாடோறுந் திருந்தும் நிறுவனம்

விழாக் காலங்களிலே நாம் கடந்தகாலச் சாதனைகளை எண்ணி மகிழ்கின்றோம். வருங்காலத்துக்கெனப் பல தீர்மானங்களையும் நிறைவேற்றுகின்றோம். பந்தல் பிரித்த பின்னர் அத்தீர்மானங்களுட் பல கூட்ட அறிக்கைப் புத்தகத்திலேயே உறங்கிவிடுதலையும் அறிவோம். இது கல்லூரிகளுக்கு மட்டும் உரிய குறையன்று. காரியாலயம், ஆலை, வைத்தியசாலை, கூட்டுறவுச் சங்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவானதே. ஒருநாள் எழுச்சியை நாள்தோறும் நிகழுந் திருத்தமாக மாற்றுவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இதற்கு யப்பான் நாட்டு ரொயோட்டா நிறுவனத்தின் வரலாறு நல்ல விளக்கமாக அமைகின்றது. மோட்டார் வண்டிகளாற் பெயர்பெற்ற அக்குடும்பத்தார் முதலிலே தறி செய்தவர்கள். தச்சர் ஒருவரின் மகனாகிய சகிச்சி ரொயோடா 1924ஆம் ஆண்டில் ஒரு தானியங்கித் தறியை ஆக்கி முடித்தார். இழையொன்று அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும். அறுந்த இழையோடு தறி ஓடுமாயின், பின்னர் நெய்யப்படும் ஒவ்வொரு முழமும் பழுதாகும். ஆதலால், தறி நிற்பது நட்டம்போலத் தோன்றினும் உண்மையில் அஃது இலாபமேயாம். பிழை, தோன்றிய இடத்திலேயே வெளிப்படல் வேண்டும் என்னும் இக்கருத்து, பின்னர் அந்நிறுவனத்தின் மோட்டார் ஆலைகளுக்கும் அடிப்படையாயிற்று.

போரினால் நலிந்திருந்த யப்பானுக்கு 1950இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியல் அறிஞர் எட்வேட்ஸ் டெமிங் சென்று, அந்நாட்டு விஞ்ஞானிகள் பொறியியலாளர் ஒன்றியத்தின் அழைப்பில் விரிவுரைகள் நிகழ்த்தினார். குறைகளுட் பெரும்பாலானவை தொழிலாளியின் அசட்டையால் விளைவன அல்ல, வேலை அமைந்துள்ள முறையால் விளைவன என்பதே அவர் தம் வாழ்நாளில் மீண்டும் மீண்டும் வலியுறுத்திய உண்மை. முறையை மாற்றும் அதிகாரம் முகாமையாளர் கையில் உள்ளது. ஆகவே முதற் பொறுப்பும் அவருடையதே. திட்டமிடல், செய்தல், சோதித்தல், திருத்தல் என்னும் நாற்படி வட்டத்தை யப்பானியர் அவ்விரிவுரைகளின் வழியே வகுத்துக்கொண்டனர். அதே ஆண்டில் எய்ஜி ரொயோடா மிச்சிகனிலுள்ள போர்ட் ஆலையைப் பார்வையிட்டார். தொழிலாளரிடம் ஆலோசனை கேட்கும் வழக்கத்தை அங்கே கண்டார். 1951இல் ரொயோட்டாவிலும் அது தொடங்கப்பெற்றது. சிறுகச் சிறுகத் திருத்தும் இந்நெறியை யப்பானியர் ‘கைசென்’ என்பர். நன்மையை நோக்கிய மாற்றம் என்பது அதன் பொருள்.

ஆலோசனை கேட்டால் மட்டும் போதுமோ? நாம் முன்னர் கடமையாற்றிய ஒரு காரியாலயத்தில் வாயிலருகே ஆலோசனைப் பெட்டி ஒன்று மாட்டப்பட்டது. முதல் வாரத்திலே இளம் இலிகிதர் ஒருவர், பேரேட்டிலே ஒரே தொகை இருமுறை பதியப்படுதற்கு ஏதுவான வழுவைச் சுட்டித் தம் பெயரோடு எழுதியிட்டார். நன்றி கூறற்குப் பதிலாக, அதுவரை நேர்ந்த பிழைகளுக்கு விளக்கம் எழுதித் தருமாறு அவரையே பணித்தனர். அன்றோடு பெட்டி வெறுமையாயிற்று. வழுவோ பேரேட்டில் இருந்தபடியே இருந்தது. அவ்விலிகிதருக்காக அன்று நாமும் வாய்திறந்திலோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்று கலிபோணியாவில் நடந்தது. பிறீமொன்ற் நகரிலிருந்த ஜெனரல் மோட்டர்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு வாராமையும் முகாமையோடு ஓயாப் பிணக்கும் மலிந்த ஆலை அது. 1984இல் அந்நிறுவனமும் ரொயோட்டாவும் கூட்டாக அதனை மீளத் திறந்தன. ‘நும்மி’ எனப் பெயர் பெற்ற அவ்வாலையிற் சேர்க்கப்பட்டவருட் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. மாறியது முறை. முன்னர் வேலைத்தொடரை நிறுத்துதல் மன்னிக்க முடியாத குற்றமாயிருந்தது. இப்போது குறை கண்ட எவரும் தம் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத்தலைவர் உதவிக்கு வருவார்; குறை உரிய நேரத்துள் தீராவிடின் தொடர் நிற்கும். சில ஆண்டுகளுள் அவ்வாலையின் வண்டிகள் யப்பானிற் செய்தவற்றோடு ஒப்பிடத்தக்க தரம் பெற்றன. 1988இல் விற்பனை குறைந்தபோதும் எவரும் வேலைநீக்கம் செய்யப்படவில்லை. ஓய்ந்த நேரத்தைப் பயிற்சிக்கும் திருத்த வேலைகளுக்கும் பயன்படுத்தினர். கயிற்றை இழுக்கும் கைக்குத் துணிவு தந்தது இந்த நம்பிக்கையே.

எனினும், ஒருமுறை பெற்றுச் சட்டமிட்டு மாட்டிவைக்கும் நற்சான்றிதழன்று திருத்தம். அப்பாடத்தைத் தன் ஏனைய ஆலைகளில் விரைந்து பரப்பாத ஜெனரல் மோட்டர்ஸ் 2009இல் வங்குரோத்து நிலையடைந்தது. நும்மியும் 2010இல் மூடப்பட்டது. அதே காலத்தில் ரொயோட்டாவும் குறைபாடுகள் காரணமாகப் பல இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. மிக விரைவாக வளர்ந்தமை ஒரு காரணமாகலாம் என அதன் தலைவரே அமெரிக்கக் காங்கிரசின் முன் கூறினார். ஆசிரியன் தானே பாடத்தை மறந்தால் தண்டனையும் அவனுக்கே.

இந்நெறி ஆலைகளுக்கே உரியதென்று கருதவேண்டா. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டை அடுத்து இம்முறையை மேற்கொண்டது. வேண்டாதன நீக்கல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், துப்புரவு செய்தல், ஒரே முறையை எங்கும் நிலைநாட்டல், அதனைப் பழக்கமாக்கல் என்னும் ஐந்து எளிய படிகளே தொடக்கம். பின்னர் ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு அதனையே முன்மாதிரியாகக் காட்டிற்று யப்பானிய உதவி நிறுவனம்.

ஆகவே, இத்தகைய பணியைத் தொடங்குவோர் மனங்கொள்ளத்தக்கன சில. முதலிலே சிறிய ஓரிடத்தைத் தெரிக. நூலகமோ ஆய்வுகூடமோ போதும். இன்றைய நிலையை எண்ணிக் குறித்துக்கொள்க. குறிக்காத நிலையிலிருந்து முன்னேறினோமா என அறிதல் இயலாது. வேலையைச் செய்பவரிடமே குறையைக் கேட்க. கேட்ட ஒவ்வொன்றுக்கும் குறித்த நாளுக்குள் மறுமொழி தருக. இயலாதெனின் ஏன் இயலாது என்பதையும் சொல்லுக. சிறிதளவிற் செய்து பார்த்து, பயன் கண்டபின் அதனைப் புதிய முறையாக எழுதிவைக்க. எழுதாத திருத்தம் செய்தவரோடு இடமாற்றம் பெற்றுப் போய்விடும். திருத்தத்தால் எவரும் தம் பிழைப்பை இழக்கார் என உறுதி கூறுக. பின்னர் மீண்டும் முதற்படிக்கு வருக.

இவற்றுள் எல்லாம் அரியது மறுமொழி தருதலே. இடித்துரைக்கும் பெரியாரைத் துணைக்கொள்ளாத வேந்தன், கெடுப்பார் இல்லாவிடினும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. இடித்துரைப்பவர் பெரியாராக மட்டுமன்றி வாயிற்காவலராகவும், ஆய்வுகூட ஊழியராகவும், பதினைந்து வயது மாணவராகவும் இருக்கலாம் என்பதே இந்நெறி நமக்குச் சேர்த்துத் தரும் பாடம்.

நம் கல்லூரித் தாய்க்கு இவ்விழாவிலே கட்டடங்களும் நிதியங்களும் காணிக்கையாகலாம். அவற்றோடு ஒரு குறிப்பேடும் வைப்போமாக. குறை கண்டவர் எவராயினும் அதன் இடப்பக்கத்தில் எழுதட்டும். பொறுப்புடையோர் வலப்பக்கத்தில் மறுமொழி எழுதட்டும். அடுத்த விழாவுக்கு நாம் கூடும்போது, அதன் வலப்பக்கங்கள் வெறுமையாயில்லையாயின், இவ்விழா பயன்பட்டது எனத் துணியலாம்.