வெள்ளத்தில் நின்ற காரா? சாவியைத் திருப்பாதீங்க

2023 டிசம்பர் 18 காலையோடு முடிஞ்ச 24 மணி நேரத்தில் எங்க ஊர் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தண்ணி வடிஞ்சதும் நான் ஓடினது வாப்பாவோட காருக்குத்தான். சீட் வரைக்கும் சேறு. ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கச் சாவியைப் போட்டேன். பக்கத்து வீட்டு மெக்கானிக் காக்கா கையைப் பிடிச்சுட்டார். "தம்பி, திருப்பிராத. திருப்புனா இன்ஜின் போச்சு."

ஏன்? பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள்ள இருக்கிற காற்றை அழுத்தும். காற்று சுருங்கும், தண்ணி சுருங்காது. உள்ளே தண்ணி இருந்தா பிஸ்டன் முட்டி நிக்கும், கனெக்டிங் ராடு வளையும். இதுக்குப் பேர்தான் ஹைட்ரோலாக்.

அப்போ என்ன செய்யணும்? முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்க. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தா தண்ணி புகுந்திருக்கு. ஏர் ஃபில்டர் நனைஞ்சிருந்தாலும் ஆபத்துதான். தள்ளி ஸ்டார்ட் பண்றதும் கூடாது. கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகணும்.

எங்க கார் ஃபில்டரில் தண்ணி சொட்டுச்சு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் தண்ணியை வெளியேத்தி, ஆயில் மாத்தின பிறகுதான் சாவியைத் திருப்பினோம். இன்ஜின் பிழைச்சது.

இன்னொண்ணு. தண்ணி புகுந்த காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அதுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்' தனியா சேர்த்திருக்கணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி உங்க பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.