உங்களுக்குத் தெரியுமா? சென்னைக்கு ‘ஒன்றரை மணி நேரம்’!

காலை 9 மணிக்குக் கோலாலம்பூரில் விமானம் ஏறும் ஒரு குடும்பம் சென்னையில் இறங்கும்போது அங்கே மணி சுமார் 10.30தான்! உண்மையில் பறந்தது ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், 4 மணி நேரம். மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதே காரணம். 1981 வரை வித்தியாசம் 2 மணி நேரமே. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா அரை மணி முன்னே நகர்ந்து, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்தது.

நம் தோட்டத்துப் பாட்டன் பாட்டிகள் பலர் இடையிலுள்ள கடலை ‘ரஜூலா’ கப்பலில் கடந்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. எத்தனை பெரிய துணிச்சல் அது!

விமானத்தில் திரும்பும்போது கணக்கு தலைகீழ்: சென்னையில் காலை 10 மணிக்கு ஏறினால் இங்கே மாலை 4.30 ஆகிவிடும். சொந்தங்களை அழைத்துவரக் கிளம்புவோர் கவனிக்க!