ஹெரால்டு ஏன் வாலாட்டுகிறது?

புதுக்கோட்டை தாண்டித் திருமயம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அலைபாய்ந்தால், பலரும் முன்சக்கர அலைன்மென்டைத்தான் சந்தேகிப்பார்கள். நான் பின்னாலிருந்து தொடங்குவேன்.

1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் காரும், பிரிட்டனின் 1962 ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே வம்சம். இரண்டிலும் பின் அச்சு இரு துண்டாக ஊசலாடும். வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் எழும்பும். சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கி, டயரின் பிடி குறைந்து, வால் வெளியே வீசும். அது பிறவிக்குணம்.

நேர்ச்சாலையிலேயே அலைந்தால் தேய்மானம். டயரின் காற்றையும் வயதையும் பார்த்துவிட்டு, ஜாக்கி வைத்து முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘கடக்’ என்றால் பேரிங், அல்லது எண்ணெய் காணாத ட்ரன்னியன் (முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ்மூட்டு). ஸ்டியரிங் ரேக்கைத் தாங்கும் ரப்பர் எண்ணெயில் ஊறி நைந்திருந்தால், சக்கரம் திரும்புமுன் ரேக்கே நகரும்.