வானத்தில் இருந்து விழுந்த காகிதம்!

அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் அவசரச் செய்தி என்றால் தண்டோரா போடுவார்கள். குண்டு விழும் நாட்டில் யார் போய்த் தண்டோரா போடுவது? ஆப்கானிஸ்தானில் அந்த வேலையை விமானங்கள் செய்தன!

2001-ம் ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி அங்கே அமெரிக்கா குண்டு வீசத் தொடங்கியது. அதே மாதம் துண்டுக் காகிதங்களும் வீசப்பட்டன. அவற்றில் வானொலிக் கோபுரத்தின் படம் இருந்தது. எந்த எண்ணில் ரேடியோவைத் திருப்பவேண்டும் என்றும் அச்சிட்டு இருந்தார்கள்.

பறக்கும் நிலையம்

அந்த வானொலி நிலையம் தரையில் இல்லை, வானத்தில் பறந்தது! "கமாண்டோ சோலோ" என்ற ராணுவ விமானத்துக்குள்ளேயே நிலையம் அமைத்து இருந்தார்கள். அந்த நாட்டு மக்களின் மொழிகளிலேயே ஒலிபரப்பு நடந்தது.

மஞ்சள் ஆபத்து

பசித்த மக்களுக்காக விமானத்தில் இருந்து உணவுப் பொட்டலங்களும் போட்டார்கள். அவற்றின் நிறம் மஞ்சள். கொத்துக் குண்டில் இருந்து சிதறும் சின்னக் குண்டுகளின் நிறமும் மஞ்சள்! ஒரு கொத்துக் குண்டுக்குள் 202 சின்னக் குண்டுகள். அவற்றில் சில வெடிக்காமல் தரையில் கிடந்தன. சாப்பாடு என்று நினைத்து ஒரு குழந்தை எடுத்தால் என்ன ஆகும்?

ரேடியோ எச்சரித்தது: "சாப்பாட்டுப் பொட்டலம் நீள்சதுரமாக இருக்கும். குண்டு டப்பாவைப் போல இருக்கும். கவனம்!"

உணவுப் பொட்டலத்தின் நிறத்தை நீலமாக மாற்றப்போவதாக நவம்பர் மாதம் அமெரிக்கா அறிவித்தது.

ரேடியோ இருந்த வீட்டுக்கு எச்சரிக்கை கிடைத்தது. காகிதம் மட்டும் கிடைத்த வீட்டுக்கு?