நடிகை மட்டுமில்லை, முதலாளியும் இவர்தான்... ராதிகாவின் சின்னத்திரைக் கதை!

புதுச்சேரி கதிர்காமத்தில் காலேஜ் படிக்கும் பிள்ளைகளிடம் ராதிகா யார் என்று கேட்டால், 'நானும் ரௌடி தான்' மீனா குமாரியைச் சொல்வார்கள். 2015-ல் வந்த அந்தப் படத்தின் கதையே பாண்டிச்சேரியில்தான் நடக்கும். விஜய் சேதுபதிக்கு அம்மாவாக, போலீஸாக வந்து கலக்கியிருப்பார். அதே வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் பதில் வேறு. அவருக்கு ராதிகா என்றால் 'சித்தி'!

நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் மகள். அம்மா கீதா இலங்கையைச் சேர்ந்தவர். லண்டனில் படித்துவிட்டு வந்த பெண்ணை, சரியாகத் தமிழ் பேசவே வராத நேரத்தில், கிராமத்துப் பாஞ்சாலியாக மாற்றினார் பாரதிராஜா. படம், 'கிழக்கே போகும் ரயில்'. ஆண்டு 1978. பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலருக்கும் தெரியாதது, 1985-லேயே அவர் தயாரிப்பாளர் என்பது. பிரதாப் போத்தன் இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' அவர் தயாரித்த படம். அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அப்போது ராதிகா இருபதுகளில்தான் இருந்தார்!

டி.வி-க்கு வந்த சாரதா

டி.வி-க்குப் போனால் 'மார்க்கெட் போயிடுச்சு' என்று பேசிய காலம் அது. 1999 டிசம்பரில் சன் டி.வி-யில் 'சித்தி' தொடங்கியது. சி.ஜே.பாஸ்கர் இயக்கம், கூடவே சிவகுமார். நித்யஸ்ரீ மகாதேவன் குரலில் டைட்டில் பாட்டு கேட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார்கள் பெண்கள். அதுவரை நம் கதைகளில் சித்தி என்றாலே கொடுமைக்காரி. சாரதா அதை அப்படியே புரட்டிப் போட்டார். 2001 நவம்பர் வரை ஓடிய தொடர், தெலுங்கில் 'பின்னி' என்ற பெயரிலும் போனது.

ஆனால், ராதிகாவை மற்ற சீரியல் நடிகைகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது நடிப்பு மட்டுமில்லை. சீரியலில் நடிகைக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம். டி.ஆர்.பி குறைந்தால் ஒரே நாளில் கேரக்டர் வெளிநாடு போகும், இல்லாவிட்டால் போட்டோவுக்கு மாலை விழும். நாளைக்கு என்ன சீன் என்பதுகூட நடிக்கிறவர் கையில் இருக்காது. 'சித்தி'யைத் தயாரித்ததே ராதிகாவின் 'ராடான்' நிறுவனம்தான். அப்போது சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்க வேண்டியிருந்தது, விளம்பரத்தையும் தயாரிப்பாளரே விற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அவர் தலையில்தான். அந்த நிறுவனம் பங்குச்சந்தை வரை போனது!

'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று ஒன்று முடிய அடுத்தது. 2013-ல் வந்த 'வாணி ராணி'யில் இரட்டை வேடம். வக்கீல் வாணியும் அவரே, குடும்பத்தலைவி ராணியும் அவரே. ஒரே நாளில் புடவையும் நடையும் பேச்சும் மாற்றி மாற்றி நடிக்கிற வேலை லேசானதா என்ன? 2018 வரை, 1,700 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது.

சாரதா இல்லாத சித்தி

2020 ஜனவரியில் 'சித்தி 2'. அதே சமயத்தில் கலர்ஸ் தமிழில் பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட 'கோடீஸ்வரி'யையும் நடத்தினார். காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு பெண் அதில் ஒரு கோடி ரூபாய் ஜெயித்தார்.

பிறகு கொரோனா வந்து ஷூட்டிங் நின்றது. 2021 தொடக்கத்தில், அரசியலுக்கு நேரம் வேண்டும் என்று 'சித்தி 2'-லிருந்து ராதிகா விலகினார். சித்தியே இல்லாமல் 'சித்தி'யா என்று ரசிகர்கள் புலம்பினார்கள். தொடர் நிற்கவில்லை. வெண்பா, கவின் கதையாக மாறி 2022 வரை ஓடியது. தயாரிப்பு, அப்போதும் ராடான்தான்!