பழைய சொகுசு கார்: விலையா, செலவா?

அமெரிக்காவில் பழைய சொகுசு கார் தேடினால் காடிலாக் டிவில், லிங்கன் டவுன் கார் இரண்டுமே மலிவாகக் கிடைக்கும். வாங்கிய பிறகு வரும் செலவுதான் வேற.

1990களின் கடைசியில் வந்த டிவிலில் இருப்பது நார்த்ஸ்டார் வி8. அதன் அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட் மரை பிய்ந்துபோவது பேர்போன கோளாறு. கூலன்ட் குறையும், இன்ஜின் கொதிக்கும். சரிசெய்யும் செலவு கார் விலையையே தாண்டலாம்.

டவுன் காரின் 4.6 லிட்டர் இன்ஜினுக்கு இரும்பு பிளாக். போலீஸும் டாக்ஸிக்காரர்களும் ஓட்டித் தேய்த்த ஃபோர்டு கிரௌன் விக்டோரியாவிலும் இதே இன்ஜின்தான். அதனால் 2011-ல் உற்பத்தி நின்ற பிறகும் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இதில் பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் கசியும். காயில் ஸ்பிரிங் மாற்றினால் தீர்ந்தது. என் ஓட்டு இதுக்குத்தான்.

எதுவானாலும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்க. வண்டி பின்பக்கம் அமுங்கியிருக்கா, கூலன்ட் குறைஞ்சிருக்கா என்பதெல்லாம் அப்போதான் தெரியும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால், நான் பேரம் பேசாமலே கிளம்பிடுவேன்.